அழக் கூடாதென்று எபிக்டெட்டஸ் சொன்னாரா?

கேள்வி: நான் திருச்சியில் பள்ளி ஆசிரியை. என் கணவருக்கு 43 வயது. 14 வருடம் வேலை பார்த்த நிறுவனத்தில் ஆட்குறைப்பு என்று திடீரென அனுப்பிவிட்டார்கள். ஏழு மாதம் வீட்டில் இருந்தார். இப்போது பாதிச் சம்பளத்தில் வேறு வேலை. அந்த ஏழு மாதத்தில்தான் ‘ஸ்டோயிசிசம்’ என்ற பழைய கிரேக்க, ரோமானியத் தத்துவத்தைப் பிடித்துக்கொண்டார். விடிகாலை நாலரைக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் குளியல், அப்புறம் போனில் பளிங்குச் சிலை முகம் போட்ட வீடியோக்கள். நல்ல பழக்கம்தானே என்று நானும் நிம்மதியாக இருந்தேன். ஆனால் என் மாமனார் இறந்தபோது, பெற்ற அப்பாவுக்கு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. போன மாதம் எங்கள் ஒன்பது வயது மகளுக்கு டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான்தான் லீவு போட்டுக் கூடவே இருந்தேன். இவர் காலையில் பத்து நிமிடம் வந்து எட்டிப் பார்ப்பார். “பிளேட்லெட் ஏறுறதும் இறங்குறதும் நம்ம கையில இல்ல. ரெண்டு பேரும் உக்காந்து என்ன ஆகப்போகுது?” என்பார். நான் அழுதால், “நடந்தது உன்னைக் கஷ்டப்படுத்தல, அதைப் பத்தி நீ நினைக்கிறதுதான் கஷ்டப்படுத்துது” என்கிறார். அவர் கோபப்பட்டுக் கத்தினால்கூடத் தேவலை. இந்தத் தத்துவமே இப்படித்தானா, இல்லை எனக்குத்தான் பக்குவம் போதவில்லையா? இப்போது மகளையும் விடிகாலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்க வைக்கிறார். கீழே விழுந்து அடிபட்டால் அழக் கூடாது என்கிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்குப் பக்குவம் போதவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. அழுதீர்கள், அழுதுகொண்டே ஐந்து நாளும் அந்தக் கட்டிலை விட்டு நகராமல் இருந்தீர்கள். உங்கள் கணவர் போனில் பார்க்கும் அந்தப் பழைய ஞானிகளையே பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டால், அந்த வாரம் உங்கள் வீட்டில் ஸ்டோயிக்காக நடந்துகொண்டவர் நீங்கள்தான் என்று தீர்ப்புச் சொல்வார்கள். உங்களைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. காரணம் கீழே வருகிறது.

அதற்கு முன்னால் உங்கள் கணவருக்காகவும் கொஞ்சம் பேசிவிடுகிறேன். 14 வருடம் ஓரிடத்தில் உழைத்தவரை ஒரே நாளில் வெளியே அனுப்பினால் முதலில் போவது சம்பளம். அடுத்துப் போவது ‘நான் யார்’ என்ற கேள்விக்கு அவரிடம் இருந்த பதில். அந்த நிலையில் ஆண்கள் பலர் குடியில் இறங்குவதை என் ஆலோசனை அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவர் ஒரு தத்துவத்தில் இறங்கியிருக்கிறார். அதுவும் சாதாரணத் தத்துவமில்லை. அதன் பெரிய ஆசிரியர்களில் ஒருவரான எபிக்டெட்டஸ் இன்றைய துருக்கியில் இருக்கும் ஹியராபோலிஸில் பிறந்தவர். அடிமை. நீரோ மன்னனிடம் செயலாளராக இருந்த ஒருவருக்குச் சொந்தமானவர். கால் ஊனம். பிறகு விடுதலையாகி ரோமில் பாடம் சொன்னார். டொமிஷியன் மன்னன் தத்துவம் பேசுகிறவர்களையெல்லாம் ரோமை விட்டு விரட்டியதும், கிரேக்கத்தின் மேற்குக் கரையில் நிக்கோபோலிஸ் என்ற ஊரில் பள்ளி வைத்தார். அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. அர்ரியன் என்ற மாணவர் வகுப்பில் கேட்டதைக் குறித்து வைத்ததுதான் இன்று நம்மிடம் இருக்கும் ‘உரைகள்’. அதைச் சுருக்கிச் செய்தது ‘கையேடு’.

அந்தக் கையேட்டின் முதல் பத்தியே, எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்ற பிரிவினைதான். நம் எண்ணம், விருப்பம், வெறுப்பு, நாம் எடுக்கும் முயற்சி, இவை நம் கையில். உடம்பு, சொத்து, ஊரார் பேச்சு, பதவி, இவை நம் கையில் இல்லை. பட்டியலின் கடைசியில் பதவி இருக்கிறது பாருங்கள். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த மனிதர் அந்த வரியைப் படித்தபோது நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியிருக்கும். அந்த நிம்மதி நிஜமானது. அதைப் பிடுங்க நினைக்காதீர்கள்.

என் தொழிலே இவர்களிடம் கடன்பட்டது. 1950-களில் அமெரிக்காவில் உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் தன் சிகிச்சை முறையை வகுத்தபோது எபிக்டெட்டஸைத்தான் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டினார். மனநல மருத்துவர் ஆரன் பெக்கும் அவருடைய சகாக்களும் 1979-ல் மனச்சோர்வுக்கான சிகிச்சை பற்றி எழுதிய புத்தகத்தில், இந்த முறையின் தத்துவ வேர் ஸ்டோயிக்குகளிடம் இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். இன்று உலகம் முழுக்க ஆலோசகர்கள் கையாளும் எண்ணச் சீரமைப்புச் சிகிச்சை அங்கிருந்து வந்தது. ஆகவே இந்தத் தத்துவத்தை ஏதோ வெளிநாட்டுக் கிறுக்கு என்று ஒதுக்க என்னால் முடியாது.

இனி, உங்களை அவர் அடிக்கும் அந்த வாக்கியத்துக்கு வருவோம். “நடந்தது உன்னைக் கஷ்டப்படுத்தல…” இது கையேட்டின் ஐந்தாம் பத்தி. மனிதர்களைக் கலங்கடிப்பது நிகழ்வுகள் அல்ல, அவற்றைப் பற்றிய அவர்களுடைய தீர்மானங்களே என்று அது தொடங்குகிறது. வீடியோக்கள் பெரும்பாலும் அந்த வரியோடு நின்றுவிடும். பத்தி அங்கே முடிவதில்லை. ஆகையால் நாம் கலங்கும்போது பிறரைக் குறை சொல்லாமல் நம்முடைய தீர்மானங்களைப் பார்ப்போம் என்கிறார். கல்லாதவன் பிறரைக் குறை சொல்வான், கற்கத் தொடங்கியவன் தன்னைக் குறை சொல்வான், கற்று முடித்தவன் பிறரையும் சொல்ல மாட்டான், தன்னையும் சொல்ல மாட்டான் என்று முடிக்கிறார். ‘நாம்’ என்று பேசும் பத்தி அது. தன் கலக்கத்தைத் தானே பிரித்துப் பார்ப்பதற்கான கருவி. அழுதுகொண்டிருக்கும் மனைவியைப் பார்த்து அதைச் சொல்லும்போது அவர் அந்த மூன்று படிகளில் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை அவரே யோசித்துக்கொள்ளட்டும்.

ஆலோசனை அறையிலும் இதே விதிதான். துக்கத்தோடு வந்தவரிடம் முதல் நாளே ‘உங்கள் எண்ணம்தான் பிரச்சினை’ என்று நான் சொன்னால், அவர் மறுவாரம் வர மாட்டார், வராததும் நியாயம். முதலில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்க வேண்டும். எண்ணங்களைச் சோதிப்பது அதற்கப்புறம், அதுவும் அவரே சோதிப்பார், நான் கூட இருப்பேன். நம் ஊரில் ‘இடுக்கண் வருங்கால் நகுக’ என்ற குறளுக்கும் இதே கதிதான் நேர்கிறது. தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் தெம்பு தரும் வரி அது. இழவு வீட்டில் அடுத்தவரிடம் சொல்லிப் பாருங்கள்.

டெங்கு வார்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் எழுந்து போய் எடுத்தது ‘உரைகள்’ முதல் புத்தகத்தின் 11-ஆம் அத்தியாயம். உங்கள் வீட்டில் நடந்தது ஏறக்குறைய அப்படியே அதில் இருக்கிறது.

ஓர் அரசு அதிகாரி எபிக்டெட்டஸைப் பார்க்க வருகிறார். மனைவி, பிள்ளைகள் உண்டா என்று பேச்சு போகிறது. அந்த மனிதர் புலம்புகிறார்: பிள்ளைகளால் எனக்குப் படாத பாடு. போன தடவை என் சின்ன மகளுக்கு உடம்புக்கு முடியாமல் பிழைப்பாளா என்று ஆகிவிட்டது. என்னால் பக்கத்தில் இருக்க முடியவில்லை. ஓடிவிட்டேன். தேறிவிட்டாள் என்று யாரோ வந்து சொன்ன பிறகுதான் வீட்டுக்குத் திரும்பினேன்.

செய்தது சரி என்று நினைக்கிறீர்களா, என்று கேட்கிறார் எபிக்டெட்டஸ். இயல்பாகத்தானே நடந்துகொண்டேன், அப்பன் என்றால் யாருக்கும் இப்படித்தானே இருக்கும், என்கிறார் அதிகாரி. எபிக்டெட்டஸ் விடுவதாக இல்லை. பாசம் நல்லதா? நல்லது. உங்கள் மகள் மீது அவள் அம்மாவுக்குப் பாசம் உண்டா? உண்டு. அப்படியானால் அவளும் ஓடியிருக்க வேண்டுமா? கூடாது. வளர்த்த தாதிக்குப் பாசம் உண்டா? உண்டு. அவள்? அவளும் கூடாது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்வரும் ஆள்? அவரும் கூடாது. ஆக, உங்கள் எல்லோருடைய பாசமும் அளவுக்கு மீறிப் போனதால், அந்தக் குழந்தை அவள் மீது அக்கறையே இல்லாத யாரோ ஒருவர் கையில் செத்திருக்க வேண்டும், அப்படித்தானே? சரி, நாளைக்கு நீங்கள் படுக்கையில் விழுந்தால், உங்கள் மனைவியும் மக்களும் இதே மாதிரிப் பாசத்தோடு உங்களைத் தனியே விட்டுவிட்டு ஓட வேண்டும் என்று விரும்புவீர்களா? அப்படிப்பட்ட பாசம் எதிரிகளுக்கு நம்மீது இருந்தால் தேவலை என்று அல்லவா வேண்டிக்கொள்வீர்கள்?

எபிக்டெட்டஸின் நாக்கு எத்தனை கூர்மை என்று பாருங்கள். ஆனால் விஷயம் இதற்கப்புறம்தான். உங்களை ஓட வைத்தது எது என்று கேட்டு, அவரே பதிலும் சொல்கிறார். மகளின் நோய் அல்ல. ‘ஓடிவிடுவதே நல்லது’ என்று உங்களுக்குத் தோன்றிய அந்தத் தீர்மானம். அதாவது, உங்கள் கணவர் உங்கள் வாயை அடைக்கப் பயன்படுத்தும் அதே கொள்கை. அதை எபிக்டெட்டஸ் ஒரு தகப்பனை மகளின் படுக்கைக்குத் திருப்பி அனுப்பப் பயன்படுத்தியிருக்கிறார்.

‘நம் கையில் இல்லை’ என்ற பேச்சும் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. பிளேட்லெட் எண்ணிக்கை உங்கள் கணவரின் கையில் இல்லை என்பது முழு உண்மை. கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்காருவது? இளநீர் வாங்கி வருவது? இரவு பன்னிரண்டு மணிக்கு உங்களிடம் ‘நீ கொஞ்சம் கண்ணை மூடு, நான் பார்த்துக்கறேன்’ என்பது? அவை நூற்றுக்கு நூறு அவர் கையில். ஸ்டோயிக்குகள் அந்தக் கோட்டைப் போட்டதே, கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதை முழுதாகச் செய்வதற்காக. கோட்டைக் காட்டி எழுந்து போவதற்காக இல்லை. நான் மகன், நான் சகோதரன், நான் இந்த ஊர்க்காரன் என்று ஒவ்வொரு உறவின் பெயரையும் சொல்லி, அந்தப் பெயருக்கு என்ன கடமை என்று யோசி என எபிக்டெட்டஸ் இன்னோர் இடத்தில் பாடம் நடத்துகிறார். சிலையைப் போல் உணர்ச்சியற்று இருப்பது என் வேலை இல்லை, உறவுகளைக் காப்பதே வேலை என்று மூன்றாம் புத்தகத்தில் நேரடியாகவே சொல்கிறார். பளிங்கு முகம் போட்ட வீடியோக்காரர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் போல.

இங்கே என் ஊகம் ஒன்று. ஊகம்தான், அவரைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. எபிக்டெட்டஸிடம் வந்த அதிகாரி ஓடியது மரத்துப்போனதால் அல்ல, தாங்க முடியாததால். உங்கள் கணவரும் அப்படி இருக்கலாம். வேலையும் போய், அப்பாவும் போய், இப்போது மகளும் என்று ஒரு எண்ணம் வந்திருந்தால், அந்த வார்டுக்குள் பத்து நிமிடத்துக்கு மேல் அவரால் நிற்க முடியாமல் இருந்திருக்கும். தத்துவம் அந்தப் பயத்தை மூடிக்கொள்ள வாகாகக் கிடைத்த போர்வை.

கண்ணீர் விஷயத்திலும் மூலநூல்கள் உங்கள் பக்கம்தான். ரோமானியரான ஆலஸ் கெல்லியஸ், 2-ஆம் நூற்றாண்டில், தான் செய்த ஒரு கடல் பயணத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். கிரேக்கத்திலிருந்து இத்தாலிக்குப் போகும் கப்பல். இரவில் கடும் புயல். எல்லோரும் கதறுகிறார்கள். அந்தக் கப்பலில் ஏதென்ஸில் பேர்பெற்ற ஸ்டோயிக் ஆசிரியர் ஒருவரும் இருந்தார். இவர் எப்படி இருக்கிறார் பார்ப்போம் என்று கெல்லியஸ் கவனித்தால், அவர் அழவில்லை, கத்தவில்லை. ஆனால் மற்றவர்களைப் போலவே முகம் வெளிறிப்போயிருந்தது. புயல் ஓய்ந்ததும் ஒரு பணக்காரப் பயணி அவரைக் கேலி செய்தார். கெல்லியஸ் தனியாகப் போய்க் காரணம் கேட்டார். ஆசிரியர் தன் பையிலிருந்து எபிக்டெட்டஸின் ஐந்தாம் புத்தகத்தை எடுத்து நீட்டினார். இன்று அந்தப் புத்தகம் நம்மிடம் இல்லை. கெல்லியஸ் எடுத்து எழுதிய பகுதி மட்டும் தங்கியிருக்கிறது. இடி முழக்கமோ, கெட்ட செய்தியோ வந்தால் ஞானியின் மனமும் ஒரு கணம் அதிரும், உடம்பு சுருங்கும், முகம் வெளிறும், அது அவன் அறிவைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை என்கிறது அந்தப் பகுதி. ஞானிக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாடு அடுத்த கணத்தில். ‘ஆமாம், எல்லாம் போச்சு’ என்று மனம் அதற்கு ஒப்புதல் கொடுக்கிறதா, இல்லையா என்பதில்.

ரோமானிய ஸ்டோயிக் எழுத்தாளர் செனெகா இன்னும் வெளிப்படை. நண்பனைப் பறிகொடுத்த லூசிலியஸுக்கு எழுதிய 63-ஆம் கடிதத்தில், கண் வறண்டும் இருக்க வேண்டாம், வெள்ளமாகவும் ஓட வேண்டாம் என்கிறார். அதே கடிதத்தில், இதை உனக்கு எழுதும் நானே என் அருமை அன்னேயஸ் செரேனஸுக்காக அளவில்லாமல் அழுதவன்தான் என்கிறார். அந்தப் பளிங்கு முகங்களில் அதிகம் வரும் முகம் மார்க்கஸ் அரேலியஸுடையதாகத்தான் இருக்கும். 161 முதல் 180 வரை ரோமை ஆண்டவர். ஒரு பக்கம் கொள்ளைநோய், மறுபக்கம் டான்யூப் கரையில் போர், பெற்ற பிள்ளைகளில் பாதிக்கு மேல் சாகக் கொடுத்தவர். தனக்காக மட்டும் எழுதி வைத்த குறிப்புகளின் முதல் பகுதி முழுவதும் அவர் யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்ற பட்டியல். அதில் செக்ஸ்டஸ் என்ற ஆசிரியரிடமிருந்து கற்றது இன்னதென்று ஒரு வரி: ‘உணர்ச்சி வேகத்துக்கு ஆட்படாமலும், அதே நேரம் பாசம் நிறைந்தும் இருப்பது.’ அந்த வரியின் முதல் பாதியைத்தான் இப்போது விற்கிறார்கள்.

எல்லாமே இவர்கள் சொன்னது சரி என்று நான் சொல்ல வரவில்லை. குழந்தையை முத்தமிடும்போது ‘இது சாகக்கூடிய உயிர்’ என்று உனக்குள் சொல்லிக்கொள் என்று கையேட்டில் ஒரு பத்தி உண்டு. உங்கள் கணவர் அதையும் ஒருநாள் உங்களிடம் கொண்டுவரலாம். குழந்தை மரணம் வீட்டுக்கு வீடு நடந்த காலத்தில் எழுந்த பயிற்சி அது. பதற்றம் உள்ளவர்களுக்கு நான் அதை ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். இருக்கிற பயத்தை அது இரட்டிப்பாக்கும்.

அடக்குவதைப் பற்றி ஆய்வுகள் சொல்வதையும் கேளுங்கள். ஒரு விஷயத்தைப் பார்க்கும் கோணத்தை மாற்றிக்கொள்வது வேறு, உள்ளே இருப்பதை முகத்தில் காட்டாமல் அமுக்குவது வேறு. ஜேம்ஸ் கிராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990-களிலிருந்து இந்த இரண்டையும் தனித்தனியாக ஆராய்ந்துவருகிறார். அமுக்குவதால் முகம்தான் மாறுகிறது. உள்ளிருக்கும் வேதனை குறைவதில்லை, உடம்பின் படபடப்பு சில அளவுகளில் கூடவும் செய்கிறது. எபிக்டெட்டஸ் சொன்னது முதல் வகை. வீடியோக்களில் கற்பது பெரும்பாலும் இரண்டாம் வகை. 2003-ல் எமிலி பட்லரும் கிராஸும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு உங்களுக்காகவே செய்தது போலிருக்கும். முன்பின் தெரியாத பெண்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, மனதை உலுக்கும் ஒரு படத்தைக் காட்டி, அதைப் பற்றிப் பேசிக்கொள்ளச் சொன்னார்கள். சில ஜோடிகளில் ஒருவரிடம் மட்டும், மற்றவருக்குத் தெரியாமல், உணர்ச்சியை வெளியே காட்டாமல் பேசும்படி சொல்லி வைத்தார்கள். அப்படி அமுக்கிக்கொண்டு பேசியவருக்கு எதிரே இருந்த பெண்ணின் ரத்த அழுத்தம் ஏறியது. ‘கத்தினால்கூடத் தேவலை’ என்று நீங்கள் எழுதியதை நான் மிகைப்பேச்சாக எடுத்துக்கொள்ளாததற்கு அதுதான் காரணம்.

ஒரு கேள்விக்கு நீங்கள் கவனித்துப் பதில் கண்டுபிடிக்க வேண்டும். அவர் நாலரைக்கு எழுகிறாரா, அல்லது மூன்றரைக்கும் நாலுக்கும் தானாக முழிப்பு வந்து அப்புறம் தூக்கம் பிடிப்பதில்லையா? விடிகாலை விழிப்பு மனச்சோர்வு நோயின் பழைய அடையாளங்களில் ஒன்று. பசி எப்படி? முன்பு ஆசையாகச் செய்தவற்றில், நண்பர்களோடு அரட்டை, கிரிக்கெட், எதுவாக இருந்தாலும், இப்போதும் நாட்டம் உண்டா? மனச்சோர்வு என்றால் எப்போதும் அழுகை என்று நினைக்கிறோம். ஆண்களிடம் அது பலமுறை ‘எதுவுமே தோணல’ என்ற வடிவத்தில் வரும். தூக்கமும் பசியும் நாட்டமும் இரண்டு வாரத்துக்கு மேல் குறைந்தே இருந்தால், அவர் பேசுவது தத்துவமா நோயா என்று வீட்டில் விவாதித்துக்கொண்டிருக்க வேண்டாம், மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் படியாக, அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐக் கூப்பிடலாம். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். ‘வாழ்ந்து என்ன’ என்ற ரகத்தில் ஏதாவது சொன்னால் அன்றே கூப்பிடுங்கள்.

ஆலோசகரிடம் போவதே பலவீனம் என்று அவர் சொல்லக்கூடும். மார்க்கஸின் குறிப்புகளில் ஏழாம் பகுதியின் ஏழாம் குறிப்பை எடுத்துக் காட்டுங்கள். உதவி பெற வெட்கப்படாதே என்று தொடங்குகிறது. கோட்டைச் சுவரைப் பிடிக்கப் போன சிப்பாய் நீ. கால் முடியாமல் தனியாக ஏற முடியவில்லை, இன்னொருவன் துணையிருந்தால் ஏறலாம் என்றால் என்ன செய்வாய், என்று ஒரு சக்கரவர்த்தி தன்னைத்தானே கேட்கிறார்.

அவரோடு எப்படிப் பேசுவது என்றால், தயவுசெய்து மேற்கோளுக்கு மேற்கோள் வேண்டாம். நான் மேலே கொடுத்ததையெல்லாம் அடுக்கி வைத்து ஒரே இரவில் அவர் மீது இறக்கினால், அவர் உங்களுக்குச் செய்வதை நீங்கள் அவருக்குச் செய்ததாகிவிடும். ‘நீங்க மாறிட்டீங்க’, ‘உங்களுக்கு மனசே இல்ல’ என்பதும் பயன்படாது. உடனே அமைதியின் கோட்டைக்குள் போய்விடுவார். செயலைக் கேளுங்கள். “அடுத்த தடவை ஆஸ்பத்திரின்னா ராத்திரி நீங்க இருக்கணும், பகல்ல நான் இருக்கேன்.” “நான் அழுதா எதுவும் சொல்ல வேண்டாம், பக்கத்துல உக்காருங்க போதும்.” எபிக்டெட்டஸே கையேட்டின் 16-ஆம் பத்தியில், அழுகிறவரைக் கண்டால் வார்த்தையால் ஆறுதல் சொல்லத் தயங்காதே, தேவைப்பட்டால் கூடச் சேர்ந்து புலம்பவும் செய் என்கிறார். உள்ளுக்குள் மட்டும் புலம்பாதே என்று ஒரு நிபந்தனை போடுகிறார். அதை உங்கள் கணவர் தன்னளவில் வைத்துக்கொள்ளட்டும், உங்களுக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

நல்ல நேரம் பார்த்து, அவர் நிதானமாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த 11-ஆம் அத்தியாயத்தை மட்டும் இருவரும் சேர்ந்து படியுங்கள். நாலைந்து பக்கம்தான். ‘இதைப் படிச்சா நம்ம டெங்கு வாரம் ஞாபகம் வருது’ என்று சொல்லிவிட்டு நீங்கள் மௌனமாக இருங்கள். அப்பாவைப் பற்றியும் கேளுங்கள். ஏன் அழவில்லை என்று கேட்க வேண்டாம். சின்ன வயதில் அப்பா அவரை எங்கே கூட்டிக்கொண்டு போவார், என்ன வாங்கித் தருவார், அப்படி ஏதாவது. அழாத துக்கம் பல வீடுகளில் இப்படிப்பட்ட கேள்வியில்தான் வாய் திறக்கிறது. திறந்தால் நல்லது. திறக்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள், எல்லோரும் ஒரே மாதிரி துக்கம் காப்பதில்லை, அழாதவர்கள் எல்லோரும் நோயாளிகளும் இல்லை.

அந்த வீடியோக்களை உங்களுக்கும் உறவினர்களுக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறாரா என்று எழுதவில்லை. அனுப்பினால் சிரித்துக்கொண்டே கையேட்டின் 46, 47-ஆம் பத்திகளைப் பார்க்கச் சொல்லலாம். ஆடு தான் எவ்வளவு தின்றது என்று காட்டப் புல்லைத் தூக்கிக்கொண்டு மேய்ப்பனிடம் வருவதில்லை. தின்றதைச் செரித்துக் கம்பளியும் பாலும் தருகிறது, நீயும் கொள்கையைப் பேசிக் காட்டாமல் செயலில் காட்டு என்கிறது முதலாவது. எளிமையாக இருக்கப் பழகினால் அதைப் பெருமையடிக்காதே, தண்ணீர் மட்டும் குடிப்பவனாக இருந்தால் சமயம் கிடைக்கும்போதெல்லாம் அதைச் சொல்லாதே, குளிர்ந்த சிலையைக் கட்டிப் பிடித்து வித்தை காட்டாதே என்கிறது இரண்டாவது. பச்சைத் தண்ணீர்க் குளியல்காரர்கள் அன்றைக்கும் இருந்திருக்கிறார்கள்.

உங்களுக்கென்று இதில் ஏதாவது எடுத்துக்கொள்ள விரும்பினால், செனெகாவின் இரவுப் பழக்கத்தைச் சொல்வேன். கோபம் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில் வருகிறது. விளக்கை எடுத்துச் சென்ற பிறகு, தன் பழக்கம் தெரிந்த மனைவியும் பேச்சை நிறுத்திய பிறகு, அன்று முழுக்கச் சொன்னதையும் செய்ததையும் ஒன்றுவிடாமல் தனக்குள் திருப்பிப் பார்ப்பாராம். (மனைவிக்கு அந்த நேரத்தில் சொல்ல ஏதாவது இருந்ததா என்று அவர் எழுதவில்லை.) எனக்குப் பிடித்தது அவர் தனக்குச் சொல்லிக்கொள்ளும் தீர்ப்பு: ‘இனி இப்படிச் செய்யாதே, இந்தத் தடவை உன்னை மன்னித்துவிட்டேன்.’ ஐந்து நாள் வார்டில் தனியாக இருந்துவிட்டு, பக்குவம் போதவில்லையோ என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் ஒருவருக்கு அந்த இரண்டாவது வாக்கியம் தேவைப்படும். ஐந்து நிமிடம் போதும். தூக்கம் கெடுகிறது என்றால் விட்டுவிடுங்கள்.

மகள் விஷயத்தில் மட்டும் நல்ல நேரம் பார்க்க வேண்டாம், இன்றே பேசுங்கள். பெரியவர் ஒருவர் தானாக விரும்பி எடுத்துக்கொண்ட பயிற்சியும், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அப்பா போடும் கட்டளையும் ஒன்றில்லை. வலித்தால் அழக் கூடாது என்று பழகிய பிள்ளை, வயிற்று வலியை மறைக்கும், பள்ளியில் யாராவது தொந்தரவு செய்தால் அதையும் மறைக்கும். ஆசிரியை என்பதால் அப்படிப்பட்ட பிள்ளைகளை நீங்களே வகுப்பில் பார்த்திருப்பீர்கள். செனெகாவும் அதே கோபம் பற்றிய நூலில், பிள்ளைகளிடம் கோபத்தையும் வளர்த்துவிடக் கூடாது, அவர்களின் இயல்பான துடிப்பையும் மழுங்கடித்துவிடக் கூடாது, அடிமைபோல் அடக்கி வைத்தால் அந்தத் துடிப்பு குன்றும் என்கிறார். கணவரிடம், “அவ விழுந்தா முதல்ல எங்க வலிக்குதுன்னு கேளுங்க, தைரியம் அப்புறம் சொல்லிக்கலாம்” என்று சொல்லுங்கள். மகளிடம் நீங்கள் தனியாக, “வலிச்சா அம்மாகிட்டயும் அப்பாகிட்டயும் சொல்லணும், அழுகை வந்தா அழலாம்” என்று சொல்லிவிடுங்கள். அப்பாவைக் குறை சொல்லிப் பேச வேண்டாம்.

குளியல் பற்றி: போன மாதம்தான் டெங்கு என்கிறீர்கள். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அசதி சில வாரங்கள் நீடிப்பது சகஜம். மறுபரிசோதனைக்குப் போகும்போது குழந்தை மருத்துவரிடம் கணவர் முன்னிலையிலேயே கேளுங்கள். அதுவரை அவள் ஆறரைக்கு எழுந்து வெந்நீரில் குளிக்கட்டும்.